சுவரில் நின்ற விமானி

ஷ்லீரன்
சுவிற்சர்லாந்து
9 யூன் 2024

அன்புள்ள மகள் மதுஜாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான்தான் எழுதுகிறேன். என் கையால், என் பேனையால், சமையலறை மேசையில் இருந்து எழுதுகிறேன். இந்த மூன்று வரிக்கும் அரை மணி நேரம் போய்விட்டது. தேநீர் ஆறிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

உனக்கு இது விளங்காது. எனக்குப் போன குளிர்காலம் வரை எழுத வாசிக்கத் தெரியாது. தமிழும் தெரியாது, இந்த நாட்டு ஜேர்மன் மொழி டொச்சும் தெரியாது. உன் அம்மா ஒருத்திக்குத்தான் அது தெரியும். ஏழு வயதில் என்னைப் புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைப்புக்கு விட்டார்கள். பிறகு வெட்கம் வந்துவிட்டது. வெட்கம் வந்த பிறகு படிக்க முடியாது. கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் கஜலக்சுமியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அதுக்கென்ன, எனக்குத் தெரியும்தானே" என்றாள்.

கையெழுத்துப் போட அவள்தான் பழக்கினாள். அது எழுத்து அல்ல, படம். உன் பள்ளிக்கூட அறிக்கைகளில் இருப்பதெல்லாம் அந்தப் படம்தான். கடிதம் வந்தால் "கண்ணாடியைக் காணேல்லை" என்பேன். நீயும் அண்ணாவும் வீடு முழுக்கத் தேடுவீர்கள். கண்ணாடி என் சட்டைப்பையில் இருக்கும்.

அம்மா போய் நான்கு வருடம். கடிதங்கள் பெட்டியில் நிறைந்து, தபால்காரர் மணி அடித்துக் கையில் தரத் தொடங்கிவிட்டார். கடைசியில் ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஞானேஸ்வரி ரீச்சர் வாசலில் நின்றார்.

"ஆரைச் சேர்க்க வந்தனீங்கள்? பேரப்பிள்ளையையோ?"

"இல்லை ரீச்சர். என்னைத்தான்."

"எந்த வகுப்புக்கு?"

"அரிவரிக்கு. அ, ஆ எழுதப் பழக."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். "புதன்கிழமை மூண்டு மணிக்கு வீட்டை வாங்கோ. கொப்பி கொண்டு வாங்கோ. காய்ச்சல், கால்நோ எண்டு சாட்டுச் சொல்லக் கூடாது" என்றார். ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்போது அரிசிப் பையை வாசிக்கிறேன். மின்தூக்கியில் ஒட்டியதை வாசிக்கிறேன். ரீச்சர் டொச் எழுத்தும் தொடங்கிவிட்டார். புதன்கிழமை தவிர மற்ற நாட்களில் வீட்டில் ஒரு குரலும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உனக்குப் பதினேழு வயதில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் நீ சிகரெட் குடித்துக்கொண்டு நின்றபோது நான் அடித்தேன். அப்போது நீ "நீங்கள்தானே கொழுவினது" என்று கத்தினாய். நான் எதைக் கொழுவினேன், எங்கே மாட்டினேன்? இருபது வருடமாக எனக்கு அது விளங்கவில்லை. அன்று கோபத்தில் கேட்கவில்லை. பிறகு கேட்பதற்கு நீ வீட்டில் இல்லை. அம்மாவின் செத்தவீட்டில் கடைசி வரிசையில் நின்றாய். அது கேட்கும் இடம் அல்ல.

விலாசம் உன் அண்ணா கிஷோபன் தந்தான். பிழைகளை ரீச்சர் திருத்தினார். இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் அவருக்குக் காட்டவில்லை. பதில் எழுதினால் பெரிய எழுத்தில் எழுது.

அப்பா
குலேந்திரன்


லோசான்
23 யூன் 2024

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதிக் கொடுத்தது யார்? அண்ணாவா?

நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பனிச்சறுக்கு முகாமுக்கான தாளில் நீங்கள் கையெழுத்து வைக்கவில்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் போகாமல் நின்றேன். அந்தத் தாளை நீங்கள் கையில் வாங்கி, மேலிருந்து கீழே வரை பார்த்துவிட்டுத்தான் மாட்டேன் என்றீர்கள். அதையும் வாசிக்கவில்லையா?

என்ன கொழுவினீர்கள் என்று கேட்கிறீர்கள். என் பழைய அறையில் மேசைக்கு மேலே ஒரு படம் இருந்தது. அம்மா அதைக் கழற்ற விடவில்லை என்று அண்ணா ஒருமுறை சொன்னார். இன்னும் இருந்தால் போய் வாசியுங்கள். உண்மையாகவே வாசிக்கத் தெரியும் என்றால் உங்களுக்கே விளங்கும்.

மதுஜா


ஷ்லீரன்
14 யூலை 2024

அன்புள்ள மகளுக்கு,

வாசித்தேன்.

உன் அறையில் இப்போது உடுப்புக் காயப்போடுகிறேன். கொடியை விலக்கிவிட்டுக் கதிரையில் ஏறி நின்றேன். படம் வெளிறிவிட்டது. ஆனால் அந்தப் பெண் அப்படியே நிற்கிறாள். தலையில் தோல் தொப்பி, பின்னால் சின்ன விமானம், ஒரு கை இடுப்பில். கீழே மூலையில் தங்க நிறத்தில் ஒரு பெட்டி. இவ்வளவு காலமும் அதைச் சொக்கிலேற் பெட்டி என்று நினைத்திருந்தேன்.

முதலில் பெட்டியில் இருந்ததை வாசித்தேன். எழுத்தெழுத்தாகச் சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன். நாற்பது வருடமாக வேலைத்தலத்தில் டொச் கேட்ட காது அல்லவா? என் வாய் சொன்னதை என் காது விளங்கிக்கொண்டது. ஆல்வினா என்று ஒரு பெயர். அதற்குக் கீழே, சிகரெட்டன்.

கதிரையில் இருந்து இறங்கித் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த நாள் மேலே இருந்த பெரிய எழுத்து. "அவள் அனுமதி கேட்பதில்லை." அதற்கு அடுத்த நாள் பூதக்கண்ணாடி வைத்துக் கடைசி வரி. எறும்பு போல எழுத்து. புகைத்தல் உடல்நலத்துக்குக் கேடு. இருபத்தேழு வருடமாக அது உன் மேசைக்கு மேலே இருந்திருக்கிறது.

அந்தப் படம் வந்த கதையைக் கேள். அப்போது நான் இங்கே ஓர் அச்சகத்தில் துப்புரவு வேலை. பெரிய விளம்பரத் தாள்கள் அங்கேதான் அடிப்பார்கள். நிறம் விலகிய தாள்களை எறியும்போது எங்களை எடுக்க விடுவார்கள். துப்புரவுத் தமிழர் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் அதில்தான் புத்தக உறை. நல்ல தடித்த தாள். உன் தேவாரப் புத்தகத்துக்கு நான் போட்ட உறை பியர் விளம்பரம் என்று பிறகு கிஷோபன் சொல்லிச் சிரித்தான். இந்தப் பெண்ணை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. உனக்கு அப்போது பத்து வயது. கொழுவிவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். "உவளைப் பார் பிள்ளை. எப்பிடி நிமிந்து நிக்கிறாள். நீயும் உப்பிடி வரவேணும்" என்றேன். பிளேன் ஓட்டுகிற பெண்களைப் படிக்கக் கூப்பிடும் அரசாங்க அறிவித்தல் என்று நினைத்தேன், மதுஜா. சத்தியமாக.

முகாம் தாளும் அப்படித்தான். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்கப் பயம். அம்மா அன்று வேலையில். பயம் என்று உன்னிடம் சொல்ல வெட்கம். "பொம்பிளைப் பிள்ளைக்கு உதெல்லாம் என்னத்துக்கு" என்று சொல்லிவிட்டேன். அது சுலபமாக வாயில் வந்தது.

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. பிழை என் மனதில் இல்லை, எழுத்தில்தான் இருந்திருக்கிறது. நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருக்கிறது. ஒக்ரோபர் 12 சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் வாணி விழா. சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும் நாள். நானும் மேடையில் ஏறி ஒரு பாடல் வாசிக்க வேண்டும் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். நீ வர வேண்டும். வந்து முன்னால் இரு.

அப்பா


லோசான்
4 ஓகஸ்ற் 2024

அப்பாவுக்கு,

பெரிய எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நம்புகிறேன். அம்மா என்னிடம்கூட மறைத்திருக்கிறார். அது கொஞ்சம் வலிக்கிறது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. இங்கே ஒரு மருத்துவமனையில், புகைப்பதை விட விரும்புகிறவர்கள் வரும் பிரிவில், வரவேற்பில் இருக்கிறேன். வியாழக்கிழமை பெண்கள் குழு. நான் நாற்காலிகளை வட்டமாக வைப்பேன். மருத்துவர் திரையில் பழைய விளம்பரங்களைக் காட்டுவார். 1929இல் நியூயோர்க்கில், ஒரு பண்டிகை ஊர்வலத்தில், இளம்பெண்கள் எல்லோர் முன்னாலும் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். அதுவரை தெருவில் புகைக்கும் பெண் கெட்ட பெண். "சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்" என்று பேப்பர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏற்பாடு செய்தவர் சிகரெட் நிறுவனம் காசு கொடுத்துப் பிடித்த ஆள். அதற்குப் பிறகு அவர்கள் நிறுத்தவே இல்லை. பெண்கள் எதைக் கேட்டுத் தெருவுக்கு வந்தார்களோ, அதையே ஒரு மெல்லிய பெட்டியில் போட்டு அவர்களிடம் விற்றார்கள். என் விமானியும் அந்த வரிசையில் ஒருத்தி.

குழு முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவேன். பிறகு கட்டடத்தின் பின்பக்கம் போய் நான் ஒன்று பற்றவைப்பேன். எல்லாம் தெரிந்துதான். மூன்று முறை விட்டேன். மூன்று முறையும் திரும்பித் தொடங்கினேன்.

ஆனால் அப்பா, எல்லாவற்றையும் எழுத்தின் தலையில் போடாதீர்கள். அண்ணா பதினாறு வயதில் பல்கனியில் நின்று புகைத்தார். நீங்கள் கண்டீர்கள். "டேய், கீழ்வீட்டுக்காரற்ரை பூச்சட்டிக்கை சாம்பலைக் கொட்டாதை" என்றீர்கள். அவ்வளவுதான். அதைச் சொல்ல வாசிக்கத் தெரிய வேண்டுமா? முகாம் தாளுக்குச் சொன்ன சொல் சுலபமாக வாயில் வந்தது என்கிறீர்கள். ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது?

நீங்கள் கேட்டதற்கு முழுப் பதில் இது. அன்று நிலையத்துக்குப் பின்னால் நான் குடித்தது என் இரண்டாவது சிகரெட். முதலாவது பிடிக்கவில்லை. இரண்டாவதும் பிடிக்கவில்லை. பாதியில் எறிய இருந்தேன். அப்போது நீங்கள் வந்தீர்கள். என் தோழி சரணியா, அவளுடைய தாய், பஸ்ஸுக்கு நின்ற எங்கள் ஆட்கள், எல்லோருக்கும் முன்னால் அடித்தீர்கள். ஒரு பெண்ணைக் கேவலப்படுத்தும் அந்தச் சொல்லைச் சொன்னீர்கள். அடுத்த நாள் நான் முழுப் பெட்டி ஒன்று வாங்கினேன். பிறகு புகைத்தது எல்லாம் உங்களுக்கு எதிராகப் புகைத்தது. விமானி எனக்கு விற்கவில்லை, அப்பா. விற்றது நீங்கள். அடக்குவதற்கு ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால் சிகரெட் பெட்டியில் வரும் சுதந்திரத்தை யார் வாங்கப் போகிறார்கள்?

விழாவுக்கு வரமாட்டேன். அங்கே இருக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள். மற்றப் பாதிக்கு அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

மதுஜா


ஷ்லீரன்
22 செப்ரெம்பர் 2024

மகளுக்கு,

உன் கடிதத்தை வாசிக்க ஒரு நாள் எடுத்தது. எழுத்துப் படிக்காமலே இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தேன்.

பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். ஒரு கொப்பி முடிந்துவிட்டது. முதலில் எழுதியது எல்லாம் சாட்டு. ஊரில் அப்படி, அந்தக் காலத்தில் இப்படி, தகப்பன் என்றால் அப்படி. எழுதும்போது சரியாக இருந்தது. சத்தமாக வாசித்தால் வெட்கமாக இருந்தது.

கிஷோபனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "நீ பல்கனியிலை குடிச்சது ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன். "அப்பா, இப்ப ஏன் உதைக் கிண்டுறீங்கள்? முடிஞ்ச கதையை விடுங்கோ" என்றான். அவனுக்கு விடுவது சுலபம். அவனை யாரும் அடிக்கவில்லை.

ஆகையால் உள்ளதை எழுதுகிறேன். அன்று உன் நெஞ்சு பழுதாகும் என்று நினைத்து நான் அடிக்கவில்லை. உன் கையில் சிகரெட்டைக் கண்டவுடன் நான் உன்னைப் பார்க்கவில்லை. சரணியாவின் தாயின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் அடித்தேன். அவர் அங்கே நிற்காவிட்டால் அடித்திருப்பேனா என்று பல நாள் யோசித்தேன். ஏசியிருப்பேன். அடித்திருக்கமாட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவே மாட்டேன். அது உனக்குச் சொன்னது அல்ல, அவர்களுக்குக் கேட்பதற்காகச் சொன்னது.

அந்தச் சொல்லை எழுதிப் பார்ப்போம் என்று பேனையை எடுத்தேன். எழுத்தெல்லாம் தெரியும். கை ஓடவில்லை.

நீ நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டது உண்மை. நிமிர்ந்து நிற்பவள் என்னைக் கேட்காமல் நடப்பாள் என்பது எனக்குத் தெரியவில்லை. படத்தில் பார்க்க வடிவாக இருந்தது. வீட்டில் பொறுக்க முடியவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லை ரீச்சரிடம் கேட்டுப் பழகினேன். உன்னிடம் கேட்கிறேன். ஆனால் அடி விழுந்தது ஆட்களுக்கு முன்னால். இந்தக் கடிதம் உறைக்குள் வருகிறது. நீ மட்டும்தான் பார்ப்பாய். அது சமமில்லை என்று எனக்குப் படுகிறது.

அப்பா


லோசான்
15 ஒக்ரோபர் 2024

அப்பாவுக்கு,

விழாவுக்குப் போன பிரசாந்தினி வீடியோ அனுப்பினாள். வேலையில் இருந்தேன். கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு பார்த்தேன்.

அரிசித் தட்டுகளுக்கு முன்னால் குழந்தைகள் இருக்கிறார்கள். நீங்கள் வேட்டியோடு மேடையில் ஏறுகிறீர்கள். எவ்வளவு மெலிந்துவிட்டீர்கள். "எங்கடை அரிவரி மாணவர் இப்ப பாடல் வாசிப்பார்" என்று ரீச்சர் சொல்ல எல்லோரும் கை தட்டுகிறார்கள். நீங்கள் பாடல் தாளை மடித்து வைத்துவிட்டு, சட்டைப்பையில் இருந்து வேறு தாள் எடுக்கிறீர்கள். எட்டு வரி. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரல் வைத்து வாசிக்கிறீர்கள். "இருபது வருடத்துக்கு முதல் என் மகள் மதுஜாவை ஸ்ரேஷனுக்குப் பின்னால் அடித்தேன்." யாரோ "மைக்கை நிப்பாட்டுங்கோ" என்று கத்துகிறார். ரீச்சர் சொல்கிறார், "விடுங்கோ, வாசிக்கட்டும். கஷ்டப்பட்டுப் படிச்ச மனுசன்." அண்ணா எழுந்து வெளியே போகிறார். மகன் சிகரெட் குடித்ததைக் கண்டும் அடிக்கவில்லை என்ற வரியை நீங்கள் வாசிக்கும்போது கதிரை இழுபடும் சத்தம் கேட்கிறது.

யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? என் பெயரை அந்த மண்டபத்தில் சொல்லலாம் என்று நான் எப்போது சொன்னேன்? நேற்றில் இருந்து ஏழு பேர் செய்தி அனுப்பிவிட்டார்கள். "இப்பவும் குடிக்கிறியோ?" என்று கேட்கிறார்கள். இருபது வருடத்துக்கு முதல் நீங்கள் என்னை அவர்களுக்கு முன்னால் நிறுத்தினீர்கள். இப்போது நான் வராமலே மறுபடியும் நிறுத்தியிருக்கிறீர்கள். உங்களுக்கு நெஞ்சு ஆறியிருக்கும். என் நெஞ்சு?

சரணியாவின் தாய் முன்வரிசையில் இருந்தார். நீங்கள் வாசித்து முடித்தபோது அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் பார்த்தேன். அதை உங்களிடம் மறைக்கவில்லை.

கடிதத்தில் எனக்கு ஏச வராது. பெரிய எழுத்தில் ஏச இடமும் போதாது. ஞாயிறு மூன்று மணிக்கு எடுப்பேன். தொலைபேசியை எடுங்கள். நீங்கள் ஒன்றும் விளக்கம் சொல்ல வேண்டாம். நான்தான் கதைப்பேன்.

மதுஜா


ஷ்லீரன்
20 ஒக்ரோபர் 2024
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகளுக்கு,

நீ தொலைபேசியை வைத்து அரை மணி நேரம் ஆகவில்லை. எனக்கு மறந்துபோவதற்கு முதல் எழுதி வைக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டு மேசையில் வந்து இருந்தேன். மணி அடித்ததும் பயத்தில் இரண்டு கையாலும் எடுத்தேன். "அப்பா" என்றாய். இருபது வருடத்தில் உன் குரல் தடித்துவிட்டது. அம்மாவின் தமக்கையின் குரல் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நீ ஏசத் தொடங்கினாய். இப்படி ஒரு ஏச்சை நான் வாழ்நாளில் வாங்கியதில்லை. டொச், பிரெஞ்ச், தமிழ் எல்லாம் கலந்து வந்தது. பிரெஞ்ச் எனக்கு விளங்கவில்லை. அதில்தான் பெரிய ஏச்சு இருந்திருக்கும்.

உன்னைக் கேட்காமல் உன் கதையை எடுத்தேன் என்றாய். உண்மை. நான் என்னுடைய பாரத்தைத்தான் இறக்கினேன், உன்னைப் பற்றி அப்போதும் யோசிக்கவில்லை என்றாய். அதுவும் உண்மை. இதை வெட்டாமல் எழுதுகிறேன்.

நடுவில் நீ நிறுத்தினாய். அப்போது லைற்றர் சத்தம் கேட்டது. நீ புகையை இழுத்து விடுவதும் கேட்டது. "உதை விடு பிள்ளை" என்று வாய் வரை வந்தது. உன் நெஞ்சைப் பற்றித்தான் இந்த முறை. வேறு யாருடைய முகமும் ஞாபகம் வரவில்லை. ஆனாலும் விழுங்கினேன்.

"அப்பா, இருக்கிறீங்களோ?"

"இருக்கிறன்."

"கேட்டதோ?"

"ஓம், கேட்டது."

"ஒண்டும் சொல்லேல்லை?"

"நீ கதைக்கிறன் எண்டு சொன்னனீ. நான் கேக்கிறன்."

நீ அடுப்பில் ஏதோ கிண்டும் சத்தம் கேட்டது. பிறகு உன் மேலதிகாரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய். வியாழக்கிழமை வரும் கிழவி ஒருத்தி ஒவ்வொரு கிழமையும் விட்டுவிட்டேன் என்று பொய் சொல்வதைச் சொன்னாய். பருப்பு அடிப்பிடிக்கிறது என்றாய். எனக்கு எல்லாம் கேட்டது.

நாற்பத்து மூன்று நிமிடம். வலது காது இன்னும் சுடுகிறது. நான் மற்றக் காதுக்கு மாற்றவில்லை. மாற்றுகிற அந்த நேரத்தில் நீ ஏதாவது ஒரு சொல் சொல்லி, அது எனக்குக் கேட்காமல் போய்விட்டால்?

அப்பா